அரசும் தொட்டிலும்

ஓர் அரசின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அதன் சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டினாற் போதாது. அதன் செலவுக் கணக்கையும் புரட்டுதல் வேண்டும். சட்டம் எழுதுதற்கு ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் போதும். அச்சட்டம் கூறும் நன்மையை மக்கள் கையிற் சேர்ப்பிப்பதற்கோ ஆளும் பொருளும் காலமும் வேண்டும். ஆதலின், அரசர் எதனை விரும்புவதாகச் சொல்லுகின்றனர் என்பதைச் சட்டத்திலும், எதனை மெய்யாகவே விரும்புகின்றனர் என்பதைக் கருவூலத்திலும் காணலாம். திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் அரசற்குரிய வன்மைகளை எண்ணுமிடத்துப் பொருளை ஈட்டுதலோடும் காத்தலோடும் நின்றாரல்லர். காத்த பொருளை வகுத்தலையும் உடன் கூறினார். எதற்கு எவ்வளவு என்று பகுத்துச் செலவிடும் திறமே முடிவில் அரசின் தகுதியைக் காட்டும் என்பது இதனாற் பெறப்படும்.

கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டங்களைப் பற்றி இக்காலத்தில் உலகெங்கும் பெருவாதம் நிகழ்கின்றது. கருவிலுள்ள உயிருக்குரிய உரிமை யாது, அதனைச் சுமக்கும் தாய்க்குரிய உரிமை யாது என்பன பற்றிச் சமயத் தலைவரும் மருத்துவரும் சட்டவல்லாரும் தத்தம் நிலையினின்று வழக்காடுகின்றனர். அவ்வழக்கைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்த யான், கருவில் உருவாகும் உயிரைக் கடவுளின் கைவேலை என்றே நம்புகின்றேன். அந்நம்பிக்கை உடையார்க்கும் இல்லார்க்கும் பொதுவாகிய வேறொரு வினா உண்டு. ‘இவ்வுயிரை யான் காப்பேன்’ என்று ஓர் அரசு முன்வருமாயின், அஃது எதனைக் கொண்டு காக்கின்றது? காவலரைக் கொண்டா, மருத்துவரைக் கொண்டா? சிறைச்சாலையைக் கொண்டா, தொட்டிலைக் கொண்டா? கையிலுள்ள பொருளில் எத்துணைப் பங்கு ஒற்றருக்கும் எத்துணைப் பங்கு பாலுக்கும் செல்கின்றது?

இவ்வினாவுக்கு வெறும் ஊகத்தால் விடை கூற வேண்டுவதில்லை. ஒரு தேசத்தில் 23 ஆண்டு இடைவிடாது நடந்த வரலாறே விடையாக நிற்கின்றது. அத்தேசம் ருமேனியா.

ருமேனியா ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்கில், தன்யூபு ஆறு கருங்கடலிற் கலக்கும் பகுதியில் உள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சிக்கு உட்பட்டது. 1957-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கத்தார் கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதித்தனர். ஆனால், கருவுறாமலே தடுக்கும் சாதனங்களும் மருந்துகளும் மக்களுக்கு எளிதிற் கிடைத்தில. ஆகவே, குடும்பத்தை அளவுபடுத்த விரும்பியவர்களுக்குக் கருக்கலைப்பு ஒன்றே வழியாய்விட்டது. 1965-ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட கருக்கள் கலைக்கப்பட்டன. ஒரு குழந்தை பிறக்குமிடத்தில் நான்கு கருக்கள் அழிந்தன என்பது கணக்கு. எக்கொள்கையுடையாரும் இந்நிலையைக் கண்டு மகிழார். ஆளுவோர் இதனை மாற்ற முற்பட்டதிற் பிழையில்லை. மாற்ற முற்பட்ட முறையிலேதான் பிழை கிடந்தது.

1965-ஆம் ஆண்டில் நிக்கொலாய் சௌசெஸ்கு என்பார் அந்நாட்டுத் தலைவரானார். அடுத்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் 770 என்னும் எண்ணுடைய ஆணை வெளிவந்தது. அதன்படி கருக்கலைப்பு குற்றமாயிற்று. 45 வயது கடந்தவர், நான்கு குழந்தைகளைப் பெற்று வளர்ப்பவர், உயிருக்கு இடையூறு நேரக்கூடியவர், வன்முறையாற் கருவுற்றவர் முதலிய சிலர்க்கே விலக்கு இருந்தது. இவ்வாணை உயிரின் அருமை கருதிப் பிறந்ததென்று எண்ணுதல் தவறாகும். கடவுளையும் சமயத்தையும் ஒதுக்கிய ஆட்சி அது. அப்பொழுது அந்நாட்டு மக்கள் தொகை ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம். தொழிற்சாலைகளுக்குக் கைகள் வேண்டும், நாட்டின் வலிமைக்குத் தலைகள் வேண்டும் என்பதே ஆளுவோர் கருத்து. குழந்தையை அவர்கள் ஓர் உயிராக எண்ணவில்லை. ஓர் எண்ணாக எண்ணினர்.

முதலாண்டில் ஆணை வெற்றி பெற்றது போலவே தோன்றிற்று. 1966-இல் ஏறத்தாழ 2,73,000 குழந்தைகள் பிறந்தன. 1967-இல் அத்தொகை 5,27,000-ஐக் கடந்தது. ஒரே ஆண்டிற் பிறப்பு இருமடங்காய்ப் பெருகிய இத்தகைய நிகழ்ச்சி உலக வரலாற்றில் மிக அரிது. குழந்தைகள் இருமடங்காய் வருவர் என்பதை ஆணையிட்டவர் அறியாரல்லர். அதனையே அவர் விரும்பினார். ஆயினும், பிரசவ விடுதிகள் இருமடங்காகவில்லை, செவிலியர் இருமடங்காகவில்லை. ஆறேழு ஆண்டு கழிந்து அக்குழந்தைகள் பள்ளிக்கு வந்தபொழுது வகுப்பறைகளும் இடம் போதாமல் நெருங்கின. விருந்தினரை வற்புறுத்தி அழைத்துவிட்டு, உலையில் அரிசியிட மறந்த வீட்டுக்காரன் நிலை அவ்வரசின் நிலை.

அவ்வெற்றியும் நிலைத்ததில்லை. பிறப்பு விகிதம் ஆண்டுதோறும் இறங்கத் தொடங்கிற்று. மக்கள் மறைவான வழிகளைக் கண்டுகொண்டனர். பொருளுடையார் மருத்துவருக்கு மறைவிற் பணம் கொடுத்தனர். பொருளில்லார் பயிற்சியற்றவர் கையிலும் தங்கள் கையிலுமே உயிரை ஒப்புவித்தனர். 1983-ஆம் ஆண்டளவிற் பிறப்பு விகிதம் ஆணைக்கு முன் 1966-இல் இருந்த அளவிற்கே திரும்பிவிட்டது. அஃதாவது, 17 ஆண்டு அச்சுறுத்தலின் பயனாக அரசு தான் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தது.

அறிவுடைய அரசாயின் இவ்விடத்தில் நின்று ஆராய்ந்திருக்கும். மக்கள் ஏன் குழந்தை வேண்டா என்கின்றனர்? வீடு போதாமையாலா, உணவு போதாமையாலா, நாளும் உழைத்து வரும் தாய்க்கு ஓய்வு இல்லாமையாலா? இவ்வாறு கேட்பதற்கு மாறாக, ருமேனிய அரசாங்கம் காவலைப் பெருக்கிற்று. 1984, 1985-ஆம் ஆண்டுகளில் விதிகள் மேலும் கடுமையாயின. விலக்குப் பெறுதற்கு 45 வயது கடந்திருத்தலோ ஐந்து குழந்தைகளைப் பெற்று வளர்த்தலோ வேண்டும் என்றாயிற்று. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்த பெண்கள் குறித்த காலந்தோறும் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். யார் கருவுற்றிருக்கின்றார் என்று கண்டு பதிவு செய்வதும், பதிவு செய்த கரு பிரசவம் வரை நிலைக்கின்றதா என்று பின்தொடர்வதும் அச்சோதனையின் நோக்கம். குழந்தையில்லாதவர் ஆணாயினும் பெண்ணாயினும், 25 வயது கடந்தபின் தனி வரி செலுத்த வேண்டும். மருத்துவமனைகளிற் காவல்துறையினரும் செக்குரித்தாத்தே என்னும் இரகசியப் போலீஸாரும் கண்வைத்திருந்தனர்.

இவையனைத்திற்கும் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இங்கேதான் நாம் கணக்கைப் பார்த்தல் வேண்டும். ஒரு மருத்துவர் தொழிற்சாலையிற் பெண்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்கும் நாழிகையில், வேறோரிடத்தில் நோயாளி ஒருவர் மருத்துவரின்றிக் கிடப்பார். ஓர் அதிகாரி கருவுற்றாரின் பட்டியலைச் சரிபார்க்கும் நாழிகையில், பிறந்த குழந்தைக்குப் பால் கிடைத்ததா என்று பார்ப்பார் இல்லை. ஒரே ரூபாயை இரண்டிடத்திற் செலவிட எந்த அரசாலும் இயலாது. கண்காணிப்புக்குச் சென்ற பொருள் பராமரிப்புக்கு வாராது.

ஒற்றர் இன்றி அரசு நடவாது என்பது உண்மையே. வள்ளுவரும் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால், ஒற்றன் யாவரை ஆராய்தல் வேண்டும் என்று கூறுமிடத்தில், அரசனுடைய வினைசெய்வாரையும் அவன் சுற்றத்தாரையும் பகைவரையும் எண்ணினார். அதிகாரமுடையார் அதனைத் தவறாகப் பயன்படுத்தாமற் காத்தற்கும், பகைவராற் கேடு வாராமற் காத்தற்குமே ஒற்று. கருவுற்ற தாய் இம்மூவருள் எவராவாள்? அவளைப் பகைவருள் ஒருத்தியாக வைத்தெண்ணிய அரசு தன் குடியையே பகையாக்கிக் கொண்டது.

இக்காவலால் மிகவும் கெட்டது மருத்துவர்க்கும் நோயாளிக்கும் இடையேயுள்ள நம்பிக்கையாகும். குருதிப் பெருக்கோடு வந்த பெண்ணைக் கண்டவுடன், ‘இவளை எங்ஙனம் பிழைப்பிப்போம்’ என்பதே மருத்துவர் மனத்தில் எழவேண்டிய முதல் எண்ணம். அந்நாட்டிலோ, ‘இது தானே சிதைந்ததா, சிதைக்கப்பட்டதா’ என்னும் வினா முன்னே நின்றது. யார் செய்தார் என்று சொல்லும்வரை பல இடங்களிற் சிகிச்சை தாமதிக்கப்பட்டது. தானே கரு சிதைந்து துயருற்று வந்த பெண்களும் குற்றவாளிகளைப் போல வினாவப்பட்டனர். உதவிய மருத்துவர் சிலர் சிறை புகுந்தனர். ஆதலால், நோய்க்கு அஞ்சுவதிலும் சட்டத்திற்கு மிகுதியாக அஞ்சும் மருத்துவரும், மருத்துவமனைக்கு வருவதிலும் வீட்டிலேயே மடிவது மேல் என்றெண்ணும் பெண்களும் உண்டாயினர்.

வேதாகமத்தில் யாத்திராகமத்தின் தொடக்கத்தில் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. எபிரெயர் பெருகுவதைக் கண்டு அஞ்சிய பார்வோன், சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சியர் இருவரை அழைத்து, ஆண் மகவுகளைப் பிறக்கும்பொழுதே கொல்லுமாறு ஏவினான். அவர்கள் கடவுளுக்குப் பயந்து அவ்வாறு செய்யாது விட்டனர். பார்வோன் மக்களைக் குறைக்க விரும்பினான். சௌசெஸ்கு மக்களைப் பெருக்க விரும்பினார். நோக்கம் எதிரெதிர், வழி ஒன்றே. இருவரும் பிரசவ அறையில் நிற்பவரைத் தம் அதிகாரியாக்க முயன்றனர். மருத்துவச்சி தாயின் பக்கம் நிற்க வேண்டியவள் என்பதை இருவரும் மறந்தனர்.

நிற்க. அவ்வாண்டுகளில் அந்நாட்டுக் கருவூலம் வேறெவ்வழிகளிற் சென்றது என்பதையும் நோக்குவோம். 1980-ஆம் ஆண்டிற்குப் பின் சௌசெஸ்கு வெளிநாட்டுக் கடன் முழுவதையும் விரைந்து தீர்க்கத் துணிந்தார். அதன் பொருட்டு நாட்டில் விளைந்த உணவுப் பொருள் பெரும்பகுதி வெளிநாட்டிற்கு விற்கப்பட்டது. குடிகளுக்கு ரொட்டியும் எண்ணெயும் சர்க்கரையும் அளந்து கொடுக்கப்பட்டன. குளிர்காலத்தில் வீடுகளுக்கு வெப்பமும் மின்விளக்கும் குறைக்கப்பட்டன. 1989 ஏப்ரலிற் கடன் தீர்ந்தது என்று தலைவர் அறிவித்தார். அதே காலத்தில், 1984-ஆம் ஆண்டு முதல், தலைநகராகிய புக்கரெஸ்டில் உலகின் மிகப் பெரிய கட்டடங்களுள் ஒன்றாகிய மாளிகை எழும்பிக் கொண்டிருந்தது. எவ்வாண்டில் மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ, அவ்வாண்டிலேயே பெண்கள் மீதுள்ள காவலும் கடுமையாயிற்று. மாளிகைக்கும் ஒற்றுக்கும் பொருள் இருந்தது. குழந்தை உறங்கும் அறையை வெப்பமாக்கப் பொருள் இல்லை.

‘அவ்வரசு தாய்மார்க்கு ஒன்றுமே கொடுக்கவில்லையா?’ என்று வினவுவார் உளர். கொடுத்தது, அதனை மறைத்தல் நேர்மையன்று. குழந்தைகளுக்கென்று குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஓரளவு உதவிப்பணம் வழங்கிற்று. பத்துக் குழந்தைகளைப் பெற்ற தாய்க்கு ‘வீரத்தாய்’ என்னும் பட்டமும் பதக்கமும் அளித்தது. ஆனால், உதவிப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் சென்ற தாய்க்கு அங்கே வாங்கப் பண்டம் இருந்ததா என்பதே கேள்வி. பதக்கத்தைக் காய்ச்சிப் பாலாக்க இயலாது.

இவ்வாறு பொருளை வகுத்ததன் விளைவு யாது? முதலாவது, தாய்மார் மடிந்தனர். 1989-இல் அந்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 150-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். ஐரோப்பாவில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு மிகுதியில்லை. அவ்வாறு இறந்தவர்களிற் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முறையற்ற கருக்கலைப்பினாலேயே இறந்தனர். ஆணை நடப்பிலிருந்த 23 ஆண்டுகளில் இவ்வகையாக மடிந்த பெண்கள் ஏறத்தாழ பதினாயிரவர் என்பது ஆராய்ந்தோர் மதிப்பு. இவர்களுட் பலர் முன்னரே குழந்தைகளைப் பெற்றவர். ஒரு கருவைக் காக்கப் புறப்பட்ட சட்டம், பிறந்த குழந்தைகளைத் தாயற்றவராக்கிற்று.

இரண்டாவது, பிறந்த குழந்தைகள் கைவிடப்பட்டனர். 1989-இல் ஆட்சி மாறியபொழுது, அரசாங்க விடுதிகளில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர் என்பது உலகுக்குத் தெரிந்தது. அவர்களை அனாதைகள் என்று செய்தித்தாள்கள் எழுதின. உண்மையில் அவர்களுட் பெரும்பாலார்க்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர். வளர்க்க வழியில்லாமையாலேயே அவர்கள் விடுதிகளில் விடப்பட்டனர். ‘அரசு பெறச் சொல்லிற்று; அரசே வளர்க்கட்டும்’ என்று எண்ணிய பெற்றோர் பலர். விடுதிகளிலோ, பல குழந்தைகளுக்கு ஒரு செவிலி. எடுத்து அணைப்பார் இல்லை, பேசுவார் இல்லை. ஒரே ஊசியைப் பலருக்கும் செலுத்தியமையாலும், சோதிக்கப்படாத குருதியை ஏற்றியமையாலும் எய்ட்ஸ் நோய்க்கிருமி பல குழந்தைகள் உடலிற் புகுந்தது.

இக்குழந்தைகளைப் பற்றி 2000-ஆம் ஆண்டிற் புக்கரெஸ்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களிற் பாதிப்பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்த்து, பல ஆண்டு தொடர்ந்து கவனித்தனர். குடும்பத்திற் சேர்ந்த குழந்தைகள் அறிவிலும் அன்பிலும் விடுதிக் குழந்தைகளினும் மேம்பட்டனர். இரண்டு வயதிற்குள் சேர்ந்தவர் பெற்ற நன்மை பின்னர்ச் சேர்ந்தவர் பெற்றதினும் பெரிது. குழந்தைக்கு வேண்டியது கூரையும் சோறும் மட்டுமன்று, தன்னை அறிந்த ஒருவரின் மடியும் ஆகும் என்பது இதனால் மெய்ப்பிக்கப்பட்டது. மடி என்பது இலவசமாகத் தோன்றும்; ஆயினும், அம்மடிக்குரியாள் பட்டினி கிடவாமலும் நோயுறாமலும் இருத்தற்கு அரசு பொருள் வகுத்தல் வேண்டும்.

1989 டிசம்பரில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அம்மாதம் 25-ஆம் நாள் சௌசெஸ்குவும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாளே, அஃதாவது 26-ஆம் நாள், புதிய அரசாங்கம் 770-ஆம் ஆணையை நீக்கிற்று. உணவும் ஒளியும் இன்றித் தவித்த மக்களுக்குப் புதிய ஆட்சியார் முதன்முதற் செய்தவற்றுள் இதுவும் ஒன்று என்பதனால், அவ்வாணை எவ்வளவு தூரம் மக்கள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது என்பது விளங்கும். அடுத்த ஓராண்டிலேயே தாய்மார் இறப்பு விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

இங்கே எதிர்க்கட்சியார் ஒரு வலிய தடையை எழுப்புவர். 1990-ஆம் ஆண்டில் ருமேனியாவில் ஏறத்தாழ பத்து லட்சம் கருக்கள் கலைக்கப்பட்டன. ஒரு பிறப்புக்கு மூன்று. ‘ஆணை நீங்கியவுடன் இவ்வாறாயிற்று என்றால், ஆணை பல உயிர்களைக் காத்தது என்றன்றோ பொருள்?’ என்பர். தடை நேர்மையானது, விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். ஆணை சில பிறப்புகளை உண்டாக்கிற்று என்பதை யாரும் மறுக்க இயலாது. ஆனால், 1990-ஆம் ஆண்டின் தொகை எதனைக் காட்டுகின்றது? 23 ஆண்டு காவலுக்குப் பின்னும் அம்மக்கள் மனத்திற் கடுகளவு மாற்றமும் நிகழவில்லை என்பதையே காட்டுகின்றது. 1965-இல் கையிற் சாதனமின்றி நின்றவாறே 1990-இலும் நின்றனர். அச்சம் வாயிலை அடைத்து வைத்திருந்தது. அச்சம் நீங்கியவுடன் வாயில் திறந்துகொண்டது.

அதன் பின்னர் நிகழ்ந்ததே நாம் உற்று நோக்கத்தக்கது. குடும்ப நல நிலையங்கள் அமைக்கப்பட்டன. கருத்தடைச் சாதனங்கள் நாட்டிற்குள் வந்தன. ஏழைகளுக்கு இலவசமாகவும் வழங்கப்பட்டன. மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆண்டுதோறும் கருக்கலைப்பு குறைந்து கொண்டே வந்தது. இப்பொழுது அந்நாட்டில் ஓராண்டில் நிகழும் கருக்கலைப்பு 1990-இல் நிகழ்ந்ததிற் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. கலைக்கப்படும் கருக்களை விடப் பிறக்கும் குழந்தைகளே பன்மடங்கு மிகுதி. இக்குறைவுக்குப் பிற காரணங்களும் உண்டு. இளைஞர் பலர் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றனர். மருத்துவமனைகள் சில கருக்கலைப்புச் செய்ய மறுக்கின்றன. ஆயினும், பெருங்காரணம் கல்வியும் மருத்துவமும் என்பது தெளிவு. காவலர் படை 23 ஆண்டு முயன்றும் முடியாததைச் செவிலியர் சிலர் அமைதியாக முடித்தனர். கருக்கலைப்பு குறைதல் வேண்டும் என்று மெய்யாகவே விரும்புவோர் இவ்விரண்டு கணக்கையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கடவர்.

‘இஃது ஒரு கொடுங்கோலன் கதை, இக்காலக் குடியாட்சிகளுக்கு இதனாற் பயன் என்னை?’ எனின், பயன் உண்டு. குடியாட்சிகளிலும் இதே கணக்கு வேறுருவில் எழுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், கருக்கலைப்பு அரசியலமைப்பால் அளிக்கப்பட்ட உரிமை என்று 1973-இற் கூறிய உச்ச நீதிமன்றம், 2022 ஜூன் 24-ஆம் நாள் அத்தீர்ப்பை மாற்றி, அதனை அனுமதிப்பதும் தடுப்பதும் அந்தந்த மாகாணத்தின் பொறுப்பு என்று கூறிற்று. அதற்கு முன்னரே, 2021 செப்டம்பரில், டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு புதுமையான சட்டம் நடப்பிற்கு வந்தது. ஏறத்தாழ ஆறு வாரத்திற்குப் பிற்பட்ட கருக்கலைப்பை அது தடுத்தது. தடுத்ததினும் புதுமை, அதனை நிறைவேற்றும் முறையிலே இருந்தது. அரசாங்க அதிகாரிகள் அச்சட்டத்தை நிறைவேற்றலாகாது. கருக்கலைப்புச் செய்தவர் மீதோ துணை நின்றவர் மீதோ குடிமக்களுள் எவரும் வழக்குத் தொடரலாம். வென்றாற் குறைந்தது 10,000 டாலர் பெறலாம். நீதிமன்றங்கள் சட்டத்தை முன்கூட்டியே தடுத்துவிடாதிருத்தற்கு வகுத்த உபாயம் இது. அதன் விளைவாக, காவற்செலவு கருவூலத்தினின்று நீங்கி அயலார் தலையில் ஏறிற்று. கருவூலத்திற்கு அது மலிவாகத் தோன்றலாம்; ஆயினும், அண்டை வீட்டாரை ஒற்றராக்கும் செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படாத பெருஞ்செலவு ஆகும்.

அதே மாகாணம் 2023-இல் வேறொன்றும் செய்தது. பிரசவத்திற்குப் பின் ஏழைத் தாய்மார்க்கு இரண்டு மாதமே கிடைத்துவந்த அரசாங்க மருத்துவ உதவியை ஓராண்டாக நீட்டிச் சட்டம் இயற்றிற்று. கருக்கலைப்பைப் பற்றி மாறுபட்ட கொள்கையுடையாரும் இதனை ஒருமுகமாகப் புகழ்வர். இதுவே வகுத்தல், இதுவே காத்தல். முந்தியதிற் பெருமை கொள்ளும் ஆட்சியாளர் பிந்தியதிற் பெருமை கொள்ளப் பழகுவாராயின், தாய்க்கும் மகவுக்கும் நலமாகும்.

ஆதலின், கருவிலுள்ள உயிரைக் காப்பதாகக் கூறும் எந்தச் சட்டத்தையும் நாம் மூன்று வினாக்களால் அளத்தல் தகும். அவ்வுயிரின் பெயராற் செலவாகும் பொருளிற் காவலுக்கு எவ்வளவு, தாய்க்கு எவ்வளவு? மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சிகிச்சை செய்கின்றாரா, காவலரின் முகத்தைப் பார்த்துச் செய்கின்றாரா? குழந்தை பிறந்த மறுநாள், அதனை ஏந்திக்கொள்ள அரசின் கைகள் நீளுகின்றனவா, குவிகின்றனவா? இம்மூன்றிற்கும் நல்விடை கூறும் அரசு, கருக்கலைப்பைப் பற்றி எச்சட்டம் இயற்றினும், உயிரை மதிக்கும் அரசு என்னும் பெயருக்கு அருகதை பெறும். நல்விடை கூறாத அரசு எத்துணைக் கடுமையான சட்டம் இயற்றினும் உயிரை மதித்ததாகாது. தன் அதிகாரத்தை மதித்ததேயாகும்.

கிறிஸ்தவராகிய நமக்கு இதிற் சிறப்பான கடமை ஒன்றுண்டு. கருவிலுள்ள உயிரைப் பற்றி உரத்த குரலிற் பேசும் சபைகள், பிறந்த குழந்தையின் பசியைப் பற்றியும் அதே குரலிற் பேசுதல் வேண்டும். ‘தடை செய்க’ என்று அரசை நோக்கிக் கேட்பது எளிது, அதற்குச் செலவில்லை. ‘இத்தாய்க்கு உணவும் மருந்தும் ஓய்வும் கொடுக்க, அதற்காக எங்களிடம் வரி வாங்குக’ என்று கேட்பதே அரிது. பின்னதைக் கேட்கத் துணிந்தவரே முன்னதைப் பற்றிப் பேசும் தகுதியுடையவர். பெத்லகேமில் விடுதியில் இடமின்றி முன்னணையிற் கிடத்தப்பட்ட குழந்தையை வணங்குகின்ற நாம், குழந்தைகளுக்கு இடம் ஒதுக்காத கருவூலத்தைக் கண்டு வாளாவிருத்தல் தகாது.

காவலன் என்னும் சொல் தமிழில் அரசனைக் குறிக்கும். குடிகளைக் காப்பதனால் அப்பெயர் வந்தது. குடிகளின் வாயிலில் காவல் நிற்பதனாலன்று.